வலமாக எண்ணிய கற்கள்

தூங்கிவிடக் கூடாது, இப்போதைக்கு அது ஒன்றுதான் வேலை என்று தரணேந்திரன் தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லி வாய் மூடுவதற்குள் இமை ஒரு தரம் இறங்கி ஏறிவிட்டது. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை அரிசி ஆலையின் பாய்லர் முன்னால் நின்ற உடம்பு. உமி எரிந்த நெடி மூக்குக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, கண்ணை மூடினால் பிரஷர் மீட்டரின் முள் நடுங்குகிறது, முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எழுந்துபோய் வால்வைத் திறக்க வேண்டுமே என்று வலது கை விரல் தானாக அசைகிறது. ஆனால் இங்கே எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் போச்சு. இளந்தாங்கல் பார்சுவநாதர் கோயிலின் தெற்குச் சுவரில், தரையை ஒட்டி ஓடும் முதல் வரிசைக் கல்லில் முதுகை அழுத்திக்கொண்டு அவன் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எதிரே பத்தடியில் கம்ப்ரசர் நிற்கிறது. மஞ்சள் பெயிண்டு, இரண்டு சக்கரம், இழுத்துப் போக முன்னால் ஒரு இரும்பு வளையம். அதிலிருந்து கிளம்பிய கறுப்புக் குழாய் மணல் தொட்டிக்குள் நுழைந்து வெளியே வந்து புல்லில் சுருண்டு கிடக்கிறது. அதன் வாயிலிருந்து மணலைப் பீய்ச்சி அடித்தால் எண்ணூறு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் பாசியும் போய்க் கல் நேற்று வெட்டியது மாதிரி வெளுத்துவிடும். கூடவே எழுத்தும் போய்விடும். பக்கத்து ஊர் ஈஸ்வரன் கோயிலில் போன வருஷம் அடித்தார்கள். மறுநாள் போய்த் தடவிப் பார்த்தான், தேய்ந்த சோப்பில் பேர் இருந்த இடம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, ககரமா தகரமா என்று விரலுக்குத் தெரியவில்லை. அந்த விரலை என்ன செய்வது என்று தெரியாமல் அன்றைக்குச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். அதே விரல்தான் இப்போது வால்வைத் தேடி அசைகிறது.

"அண்ணா, தூக்கம் வந்தா அப்டி வேப்பமரத்தடியில போய்ப் படுங்க, நெழலா இருக்குது" என்றான் ஏகாம்பரம். கம்ப்ரசரை ஓட்டுகிறவன் அவன், வாலாஜா பக்கம், வயது முப்பத்தைந்து இருக்கும். தலையில் துண்டு, கழுத்தில் தொங்கும் முகமூடி, கையில் பாதி குடித்த டீ. குரலில் கோபமே இல்லை, அதுதான் தரணேந்திரனுக்குச் சங்கடமாக இருந்தது. திட்டுகிறவனோடு மல்லுக்கு நிற்கலாம், டீயை நீட்டி "ஒரு வாய் குடிக்கிறீங்களா" என்று கேட்கிறவனோடு என்ன செய்வது. "நான் எழுந்தா நீ ஆரம்பிச்சிடுவ." "ஆரம்பிப்பேன்தாண்ணா, அதுக்குத்தானே வந்தேன். வடக்குல ரெண்டு, திண்டிவனம் பக்கம் நாலுன்னு இதோட எனக்கு ஏழு கோயில் ஆச்சு. ஒரு எடத்துலயும் இப்டி ஆள் குந்திக்கினு இருந்ததில்ல. பெரியவர் வரட்டும், அவர் என்ன சொல்றாரோ அதான்." பெரியவர் என்றால் அனந்தவிஜய மாமா. அம்மாவின் தம்பி, ரிடையர்டு தலைமையாசிரியர், கோயில் கமிட்டித் தலைவர். வடக்கேயிருந்து வந்த ஒரு புண்ணியவான் கோயிலைப் புதுப்பித்துத் தருகிறேன் என்றதும், தரைக்கு வெள்ளைப் பளிங்கு, சுவருக்குச் சாண்ட்பிளாஸ்டிங் என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கியவர். அந்தக் கூட்டத்தில் தரணேந்திரனும் இருந்தான். பகல் இரண்டு மணிக் கூட்டம், ராத்திரி வேலைக்காரனுக்கு அது நடுச்சாமம். பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் காதில் "தெற்குச் செவுத்துல இருக்கிறது வாசிக்கவே முடியாத எழுத்து, அதனால நஷ்டமில்ல" என்று மாமா சொன்னது விழுந்தது. விழுந்ததும் முழித்துக்கொண்டான். முழித்தும் வாயைத் திறக்கவில்லை. வாசிக்க முடியாத எழுத்து. யாரால் வாசிக்க முடியாமல் போயிற்று என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

முதுகில் எழுத்து அழுந்துகிறது. சட்டைக்கு மேலே கூடத் தெரிகிறது, இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு நெடில் கால், அதற்குப் பக்கத்தில் சுழி. இந்த வரிசைக்கு ஜகதி என்று பேர், மட்டமான பலகைக் கல், இதற்கு மேலே உருண்டு திரண்டு வருவது குமுதம், அதுதான் இப்போது பிடரியில் முட்டுகிறது, தலையணை மாதிரி. அப்படி நினைக்கக் கூடாது. தலையணை என்று நினைத்ததும் கழுத்து தளர்கிறது. சரி, எண்ணு. மூலைக் கல் இரண்டையும் விட்டால் நடுவில் ஒன்பது கல். ஒவ்வொன்றிலும் நாலு வரி. வரி கல்லுக்குக் கல் தாண்டித் தாண்டி ஓடும், வெட்டினவன் கல்லின் விளிம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை, 'தொண்' ஒரு கல்லில் 'ணூற்றாறு' அடுத்த கல்லில். தொண்ணூற்றாறு ஆடு. இளந்தாங்கல் பள்ளி தேவர்க்கு இராப்பகல் எரிய வைத்த நொந்தா விளக்கு ஒன்றினுக்கு விட்ட சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு. அணையாத விளக்குக்கு நெய், நெய்க்கு ஆடு, ஆட்டுக்கு ஒரு இடையன். இவ்வாடு கைக்கொண்டு நிசதம் உழக்கு நெய் அட்டுவேன் இடையன் காடன் பூதியேன். நிசதம் என்றால் தினமும், அட்டுவேன் என்றால் ஊற்றுவேன். காடன் பூதி. கொடுத்தவன் பேர் எங்கேயோ உடைந்து போயிருக்கிறது, பெரிய மனிதனாக இருந்திருப்பான், போகட்டும். காடன் பூதி என்ற பேரைத் தரணேந்திரன் முதன்முதலாக நோட்டில் கூட்டிப் படித்தபோது, ராத்திரி பாய்லர் முன்னால் உமி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவனுக்கு, பக்கத்தில் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஊர் தூங்கும்போது ஒரு தீயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவன். ஆடு சாகும், இவன் கணக்கில் சாகக் கூடாது. கிழடு தட்டும், தட்டக் கூடாது. அந்த எழுத்தை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. வந்தவாசி நூலகத்தில் பின்னட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில் பழைய எழுத்து அட்டவணை இருந்தது, அதை நோட்டில் வரைந்துகொண்டு வந்தான், மூன்று வருஷம், சிவப்புக் கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. ஊரில் அதற்குப் பிறகு அவனுக்குக் கல்வெட்டு என்று பேர். "கல்வெட்டு வரான்", "கல்வெட்டைக் கேளு". கிண்டல்தான், ஆனால் கேட்டார்கள். கேட்கும்போது நெஞ்சு ஒரு அங்குலம் உயர்ந்தது, அதை மறைத்து என்ன.

அந்த ஒரு அங்குலம்தான் பதினாலு வருஷம் வாயைக் கட்டிப் போட்டது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அரசமர வேர் இந்தத் தெற்குச் சுவருக்குள் புகுந்து கல்லைப் பிதுக்கியது. சுவரைப் பிரித்து வேரை எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கல்லுக்கும் பெயிண்டில் நம்பர் போட வேண்டும், அதுதான் முறை, நம்பர் தவறினால் கோயில் தவறும். "நம்ம கல்வெட்டு போடட்டும், எழுத்து தெரிஞ்சவன்" என்று மாமாதான் சொன்னார். மண்ணை வெட்டி இறக்கியபோது அதுவரை பூமிக்குள் புதைந்திருந்த ஜகதி வெளியே வந்தது, நாலு வரி, ஈரமாக, சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு, எந்த ஆராய்ச்சிக்காரரும் அதுவரை படியெடுக்காத நாலு வரி. தரணேந்திரன் சிவப்பு பெயிண்டு டப்பாவோடு எழுத்து எங்கே தொடங்குகிறதோ அந்த மேற்கு முனையில் குந்தினான். பிரஷ்ஷை நனைத்தான். "என்னாடா இது, எடமா சுத்தற? சாவு வீடா?" என்று மண்டபத்திலிருந்து மாமாவின் குரல். ஆமாம், மேற்கிலிருந்து கிழக்கே போனால் சாமியை இடமாகச் சுற்றுவதாகிவிடும், கோயிலில் யாராவது அப்படிப் போவார்களா, பிறந்ததிலிருந்து கால் ஒரு தடவை அப்படிப் போனதில்லை. எழுந்தான், கிழக்கு முனைக்குப் போனான், பார்சுவநாதரை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று வலமாகவே போட்டுக்கொண்டு வந்தான். அத்தனை வரிசைக்கும் அப்படித்தான். எழுத்தோ இடமிருந்து வலமாகப் போகிறது, சுவரைப் பார்த்து நின்றால் வலம் வருகிற கால் எழுத்துக்கு எதிர்த் திசையில் போகிறது. இது பால்வாடிக் குழந்தைக்கும் தெரிகிற சங்கதி, நின்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால். கட்ட வந்த கொத்தனார் ஒன்று எங்கே என்று கேட்கவில்லை, இவன் சொல்லவும் இல்லை. கொத்தனார் எல்லாக் கொத்தனாரையும் போல இடது கைப் பக்கம் ஒன்றை வைத்தார், ஒன்பதை வலது பக்கம் வைத்தார். கட்டிய நாலு நாளும் தரணேந்திரன் வீட்டில் பகல் தூக்கம். சுவருக்கு எதுவும் ஆகவில்லை, ஆகியிருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். ஆதியில் கட்டி வைத்த மகராசன் நடுமாடமான கோட்டத்திலிருந்து இந்தப் பக்கம் எத்தனை அரைத்தூணோ அந்தப் பக்கமும் அத்தனை, இதற்கு எத்தனை விரல் அகலமோ அதற்கும் அத்தனை என்று நூல் பிடித்துக் கட்டியிருந்தான். திருப்பி வைத்தாலும் அப்படியே பொருந்தியது. எழுத்துக்குத்தான் மறுபக்கம் கிடையாது. கும்பாபிஷேகம் முடிந்து மூன்று மாதம் கழித்துத் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பைத் தேய்த்துவிட்டு ஆசையாகப் படிக்க உட்கார்ந்தான். 'தொண்' என்று முடிந்த கல்லுக்குப் பக்கத்தில் 'ணூற்றாறு' இல்லை. வேறு ஏதோ இருந்தது. அடுத்த கல்லும் அப்படித்தான். ஐந்தாவது கல் மட்டும், நடுவில் இருந்ததால், இருந்த இடத்திலேயே இருந்தது. அதில்தான் இப்போது முதுகைச் சாய்த்திருக்கிறான்.

பையில் போன் அதிர்ந்தது. சுனந்தா. "எங்க இருக்கீங்க, மணி எட்டாகப் போவுது, இட்லி ஆறுது." "கோயில்ல." "கோயில்லன்னா? சாமி கும்புட்டு வரதுக்கு ரெண்டு மணி நேரமா? கருங்குழியிலயிருந்து வரவனும் கும்புட்டுட்டுத் திரும்பிப் போயிருப்பான்." அவன் மெதுவாகச் சொன்னான், எதிரே மெஷின், முதுகில் கல். மறுமுனையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. நம்பர் விஷயம் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும், கல்யாணமான புதிதில் ஒரு நாள் உளறியிருந்தான். "நேத்து சாயங்காலம் அஞ்சரைக்குச் சாப்பிட்ட வயிறு" என்றாள். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத சமணக் குடும்பம், ஆலையில் மற்ற ஆட்கள் பன்னிரண்டு மணிக்குப் பரோட்டாவைப் பிய்க்கும்போது இவன் வெளியே போய் நின்றுகொள்வான், இருபத்திரண்டு வருஷமாக. "பட்டினி கெடந்தா எழுத்து நேராயிடுமா? மாமா கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வந்து சாப்புடுங்க. சொல்லாம அங்கயே குந்திக்கினு இருந்தா ரெண்டு நாள்ல உங்க மேலயும் கொஞ்சம் மணல் அடிச்சி வெள்ளையாக்கிடுவாங்க." சிரித்தாளா, தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

சொல்லலாம். என்ன சொல்வது. நான்தான் தப்பாக நம்பர் போட்டேன் என்று சொன்னால், சரி போட்டோ எடுத்து வைத்துக்கொள், நோட்டில் எழுதி வைத்துக்கொள் என்பார்கள். நோட்டில் இருக்கிறது, ஒன்பது கல்லையும் முன்பின்னாக மாற்றி மாற்றி வைத்து முழுசாக எழுதி வைத்தது பெட்டியில் இருக்கிறது. பாய்லர்காரன் நோட்டை எவன் நம்புவான். சுவர் கட்டி முடிந்த பிறகு ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார், சட்டைப் பையில் மூன்று பேனா, வெயிலில் கால் மணி நேரம் நின்றார், 'கற்கள் இடம் மாறியுள்ளதால் பொருள் கொள்ள இயலவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். இவன் பக்கத்திலேயே செம்பில் தண்ணீரோடு நின்றான். ஐயா, கடைசியிலிருந்து படியுங்கள் என்று ஒரு வார்த்தை. செம்புத் தண்ணீரை நீட்டினான், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மாமா இப்போது தீர்மானத்தில் எடுத்து வைத்திருக்கிறார். ஆக மெஷின் வந்து நிற்பதும் இவனால். அதை மறித்து உட்கார்ந்திருப்பதும் இவன். எதைக் காப்பாற்ற உட்கார்ந்திருக்கிறாய், கோயிலையா, உன் தப்பையா? தப்பு கல்லோடு தேய்ந்து போய்விட்டால் உனக்குத்தானே நல்லது, நாளைக்கு யார் வந்து கேட்டாலும் வெறும் கல், நம்பரும் இல்லை எழுத்தும் இல்லை, நீ கல்வெட்டாகவே இருக்கலாம், எழுந்து போ, வேப்பமர நிழல், இட்லி. இந்தக் குரல் ஒரு பக்கம். இன்னொரு குரல், மாமாதானே திருப்பி விட்டார், சாவு வீடா என்று கேட்டவர் அவர்தானே, அவரைச் சொல்லேன். சொல்லலாம்தான். ஆனால் அவருக்கு எழுத்து தெரியாது, உனக்குத் தெரியும். தெரிந்தவன்தான் நம்பர் போட்டான். காடன் பூதியின் கல்லில் கடைசி வரி, இத்தன்மம் காத்தான் பாதம் என் தலைமேலது. காத்தவன் காலைத் தலையில் வைத்துக்கொள்கிறேன் என்று எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், இங்கே வந்து என் காலைக் கேட்டால் நான் என்ன செய்வேன், காலை மடித்துக்கொள்வேன். வேண்டாம் ஐயா, நான் கலைத்தவன்.

இருக்கட்டுமே. கலைந்தே இருக்கட்டுமே. ஒழுங்காக இருந்ததாலா இந்தக் கோயில் தப்பித்தது? வடக்குச் சுவரில் போய்ப் பார், மூன்றாவது வரிசையில் ஒரு கல் தலைகீழாக இருக்கிறது, எழுத்தெல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டு. அது இந்தக் கோயில் கல்லே இல்லை, ஈஸ்வரன் கோயில் கல், ஏரி உடைத்துக்கொண்டு வந்த ஏதோ ஒரு வருஷத்தில் இங்கே வந்தது. இங்கேயிருந்து போன தூண் ஒன்று அங்கே குளத்துப் படியில் கிடக்கிறது, சிங்கத்தின் முகத்தில் பெண்கள் துணி துவைக்கிறார்கள். எவனோ ஒரு கொத்தன் எண்ணூறு வருஷத்தில் நாலு தடவை, ஐந்து தடவை பிரித்திருக்கிறான், கட்டியிருக்கிறான், அவனுக்கும் பசித்திருக்கும், அவனும் தப்பாக வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போயிருப்பான். இந்த மண்டபத்தில் வைக்கோல் போர் இருந்தது, தாத்தா காலத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, தூணில் இன்னும் கரிக்கட்டையில் எழுதிய வாய்ப்பாடு தெரிகிறது. விதானத்து ஓவியத்தின் மேலே அடுக்கு அடுக்காக வெள்ளையடித்தார்கள், அந்த வெள்ளைக்குள்ளேதான் ஓவியம் பிழைத்தது. மண் மேவி மூடியதால் ஜகதி பிழைத்தது. அழுக்குதான் காப்பாற்றியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் எச்சமும் மண்ணும் மறதியும் சேர்ந்து போர்த்தி வைத்ததைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருவன் குழாயோடு வருகிறான், உன் முகத்தைக் கழுவி விடுகிறேன் என்று மூக்கையும் சேர்த்து எடுக்கிறான். முடியாது. சரியாக அடுக்கின கல்லுக்கு நூறு பேர் வருவார்கள். தப்பாக அடுக்கின இந்த ஒன்பது கல்லுக்கு யார் வருவார்கள், நான்தான் வர வேண்டும், என் கையெழுத்து அதில் இருக்கிறது, சிவப்பு பெயிண்டில். முடியாது என்று வாய்விட்டே சொன்னான் போலிருக்கிறது, ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தான். கண் எரிந்தது. இமைக்குள் மணல் இப்போதே விழுந்த மாதிரி. பிடரியைக் குமுதத்தில் ஒரு முறை லேசாக மோதிக்கொண்டான், தூக்கம் ஒரு அடி பின்வாங்கியது.

மாமா வந்தபோது எட்டே முக்கால். வெள்ளை வேட்டி, கக்கத்தில் மடித்த குடை, பின்னாலேயே பூ கட்டும் பெண்கள் நாலைந்து பேரும் வேடிக்கைக்கு. அவர் அருகில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார், பரீட்சை ஹாலில் காப்பியடிக்கிறவனைப் பார்க்கும் பார்வை. "தரணேந்திரன்னு பேர் வச்சுட்டா படத்தை விரிச்சிக்கினு குந்திடறதா? அந்த நாகராஜன் தரணேந்திரன் தவத்துல இருந்த பார்சுவநாதருக்கு மேல படம் எடுத்தான், ஏன்னா பகையாளி கமடன் பாறையை உருட்டி எறிஞ்சான். இங்க யாருடா கமடன், நானா?" பெண்கள் சிரித்தார்கள். "நீங்க இல்ல மாமா." "பின்ன எழுந்திரு. தீர்மானத்துல நீயும் கையெழுத்துப் போட்டிருக்க." "போட்டேன்." "அன்னைக்கு வாயில என்னா இருந்துச்சு?" "தூக்கம்" என்றான், பெண்கள் மறுபடி சிரித்தார்கள், அவனுக்கே சிரிப்பு வந்தது, வந்ததும் பயமாக இருந்தது, சிரித்தால் தளர்ந்துவிடுவோம். மாமாவின் குரல் இறங்கியது. "வாசிக்கவே முடியாத எழுத்துக்கு எதுக்குடா இத்தனை வீம்பு. ஊர்ல ஏழு வருஷமா கேட்டு, இப்பதான் ஒருத்தர் செஞ்சு தரேன்னு வந்திருக்கார். வேலை நின்னுதுன்னா அவர் போயிடுவார். அக்கா பையன்னு பாக்கறேன்." அவர் வாயில் அக்கா என்ற வார்த்தை வந்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்துக் கையைச் சுழற்றினார். "நீ போடுய்யா. மணல் பட்டா தானா எழுந்துப்பான்." ஏகாம்பரம் தயங்கினான். தயங்கிக்கொண்டே கயிற்றை இழுத்தான்.

மெஷின் ஒரு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சத்தம் அல்ல அது, தரையே நடுங்கியது, முதுகுக்குப் பின்னால் கல் நடுங்கியது, ஒன்பது கல்லும் பல்லைக் கடித்துக்கொண்ட மாதிரி ஒரு அதிர்வு. ஏகாம்பரம் முகமூடியை ஏற்றிக்கொண்டு குழாயைத் தூக்கினான், தூக்கி வேறு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றான். இப்போது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. "மாமா, நம்பரை நான்தான் தப்பாப் போட்டேன்." மாமா காதில் கையை வைத்துக் குனிந்தார், என்ன? பதினாலு வருஷம் சொல்லாததை ஒரு தடவை சொல்வதே பெரிய பாடு, இரண்டாவது தடவையா. "நம்பர். நான் போட்டது. தலைகீழாப் போட்டேன்." மாமா தலையை ஆட்டினார், கேட்கவில்லை. தரணேந்திரன் இருந்த இடத்திலிருந்தே நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டினான், பாய்லர் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை, "கல்லைக் கலைச்சது நான். எழுத்தை வாசிக்க முடியாமப் பண்ணினது நான். தப்பு" என்று கத்தும்போது ஏகாம்பரம், இந்த ஆள் ஏதோ சொல்கிறானே என்று, வால்வை மூடி மெஷினை நிறுத்திவிட்டான். "என்னுது" என்ற சொல் மட்டும் தனியாக, முழுசாக, மண்டபத்தில் போய் மோதித் திரும்பி வந்தது. பூ கட்டுகிற பெண்களின் கை நின்றது.

அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தான், சிரிப்பா, ஏச்சா, பதினாலு வருஷமாகப் பயந்தது எது என்று இப்போது பார்த்துவிடலாம். எதுவும் வரவில்லை. ஏகாம்பரம்தான் முகமூடியை இறக்கிவிட்டு, "அப்ப அதை வாசிக்கத் தெரியுமாண்ணா உங்களுக்கு?" என்றான். தெரியும். தரணேந்திரன் எழுந்து கிழக்கு முனைக்குப் போய்க் குந்தி விரலை வைத்தான். கல்லுக்குள்ளே இடமிருந்து வலம், கல்லுக்குக் கல் வலமிருந்து இடம். ஒன்பது கல்லைக் கடந்து மேற்கு முனைக்குப் போய் முதல் வரியை முடித்தான், திரும்பிக் கிழக்கே வந்து இரண்டாவது வரி, மறுபடி மூன்றாவது. போகும்போது வலம், வரும்போது இடம், யாரும் சாவு வீடா என்று கேட்கவில்லை. தொண் என்றான், நகர்ந்தான், ணூற்றாறு என்றான். "சாவா மூவாப் பேராடுன்னா?" என்றான் ஏகாம்பரம். "சாவாத, கிழடாகாத ஆடு." "அது எப்டிண்ணா?" "ஒண்ணு செத்தா அதோட குட்டியை எண்ணிக்கையில சேத்துடணும். தொண்ணூத்தாறு கொறையக் கூடாது. நெய் நிக்கக் கூடாது, வெளக்கு அணையக் கூடாது." ஏகாம்பரம் கொஞ்சம் யோசித்தான். "அப்டின்னா அந்தத் தொண்ணூத்தாறும் இன்னைக்கும் எங்கயோ மேஞ்சிக்கினுதான் இருக்குது" என்றான். நாலாவது வரியைத் தரணேந்திரன் வேகமாகப் படித்தான், காத்தான் பாதம் என்ற இடத்தை நிற்காமல் தாண்டினான்.

மாமா குடையின் நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். "நீ மொதல்ல அந்த மேற்கு மூலையிலதான் உக்காந்த" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. "நான்தான்..." "எழுத்து தெரிஞ்ச கண்ணு என்னுதுதானே மாமா" என்றான் தரணேந்திரன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் கண்ணில் இருந்த வெள்ளைப் படலத்தை இவன் அன்றுதான் பார்த்தான். பிறகு அவர் குரலில் தலைமையாசிரியர் திரும்பி வந்தார். "சரி. இந்தச் செவுரு வேணாம். இது இப்படியே இருக்கட்டும். ஏகாம்பரம், மெஷினை மேற்கால இழு. அங்க ஆரம்பி." நியாயம்தான். கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம், சாப்பிடலாம், நாலு மணி வரை தூங்கலாம். தரணேந்திரன் தலையாட்டக்கூடச் செய்தான் என்று நினைக்கிறான். ஆனால் மறைக்க ஒன்றும் மிச்சமில்லாத உடம்பு எவ்வளவு லேசாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. பதினாலு வருஷம் சுமந்ததை இறக்கி வைத்ததும் கால் தானாக நடந்தது, மெஷினின் இரும்புச் சக்கரம் மண்ணில் அரைபட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே மூலை திரும்பியது. மேற்குச் சுவரில் இவன் நம்பர் போட்டதில்லை. அங்கே யாரும் பிரித்ததில்லை, கட்டினதில்லை, ஆடும் இல்லை காடன் பூதியும் இல்லை, உளி போட்ட கோடு மட்டும் சாய்வாக, மழை மாதிரி, கல் முழுக்க, மணல் பட்டால் அதுவும் போய்விடும். நடுக்கோட்டத்துக்கு நேர் கீழே குந்தி முதுகைக் கொடுத்தான். மெஷினோடு வந்த மாமா நின்றார். "டேய், அங்கதான் எழுத்தே இல்லியேடா." "இல்லதான் மாமா" என்று சொல்லிவிட்டு, தரணேந்திரன் காலை நீட்டி நன்றாகச் சாய்ந்துகொண்டான்.